கொல்லிமலையில் ஐந்து நாள்: உரல், சாலை, பிழைப்பு

முதல் நாள்: காரவள்ளியிலிருந்து மேலே

நாமக்கல்லில் பேருந்து ஏறினால் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, அப்புறம் அடிவாரமான காரவள்ளி. வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பம். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு, மொத்தம் 70. கீழே புதர்க்காடும் மூங்கிலும். பாதிக்கு மேல் போனதும் காற்று குளிரும், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றியிருப்பது தெரியும். வயிறு கலங்குகிறவர்கள் காலையில் வெறும் இட்லியோடு நிறுத்திக்கொண்டு முன்பக்கம் ஜன்னலோரம் உட்காருவது நல்லது.

இந்த வளைவுகளைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் பலர். ஊர்க்காரர்களுக்கு இவை வேறு கணக்கு. நீளமான லாரி இந்த வளைவுகளில் ஒடித்துத் திரும்ப முடியாது. மலையில் விளையும் கிழங்கும் பலாவும் வாழையும் சின்ன வண்டியில்தான் இறங்கியாக வேண்டும். சிமென்டும் உரமும் அதே சின்ன வண்டியில்தான் ஏற வேண்டும். ஒரு டன்னுக்கான வாடகை சமவெளியைவிட எப்போதும் கூடுதல், அது விளைவித்தவர் கையிலிருந்துதான் கழியும். முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு சாலை இருப்பது கொஞ்சம் ஆறுதல். இங்கே எதை விதைப்பது என்ற முடிவில் மண்ணுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு சாலைக்கும் உண்டு. வரும் நாட்களின் குறிப்புகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வர ஏற்ற காலம் தை மாதப் பிற்பகுதி. சாமை அறுத்துக் காய்ந்து வீட்டுக்குள் வந்திருக்கும், குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருப்பார்கள், மிளகு நிறம் மாறத் தொடங்கியிருக்கும். மூன்று பிழைப்பையும் ஒரே வாரத்தில் பார்க்கலாம். 1000 முதல் 1300 மீட்டர் உயரம் என்பதால் இரவில் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. ஆகாய கங்கை அருவியும் அறப்பளீஸ்வரர் கோயிலும் எல்லோரும் எழுதியவை. இங்கே அவற்றை விட்டுவிடுகிறோம்.

இனி மக்கள் தொகை. செம்மேடு பேருந்து நிறுத்தத்தில் இறங்கி "உங்க ஊர்ல எத்தனை பேர்?" என்று கேட்டால் ஒருவர் 200 என்பார், இன்னொருவர் 3,000 என்பார். இரண்டும் சரிதான். கொல்லிமலை நாடுகளாகப் பிரிந்தது: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, தேவானூர் நாடு என்று போகும். அரசு பதிவேட்டில் நாடுதான் ஊராட்சி, நாடுதான் வருவாய்க் கிராமம். இப்படி 14 ஊராட்சிகள். ஒரு நாட்டுக்குள் பல சிற்றூர்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓடையோ மேடோ இருக்கும். மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் கிராம அட்டவணையைத் திறந்தால் கிடைப்பது நாட்டின் மொத்த எண். சாலையோரச் சிற்றூரும், இரண்டு கிலோமீட்டர் நடந்து இறங்கவேண்டிய சிற்றூரும் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுகின்றன. பள்ளிக்கு எவ்வளவு தூரம், தண்ணீர் எங்கே என்ற கேள்விகளுக்கு அந்த மொத்த எண் பதில் சொல்லாது. இந்த மலையைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

இங்கே இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்கிறவர் என்ற பொருளில் வந்த பெயர், தாய்மொழி தமிழ். காஞ்சியிலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்து சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று பிரிந்தார்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பழங்குடியினர் 7,94,697 பேர், மாநில மக்கள் தொகையில் 1.1 விழுக்காடு. அதில் மலையாளிகள் மட்டும் 3,57,980. மாநிலத்தின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் இவர்களுக்குத்தான்.

அந்த எண்ணிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அரசின் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் பழைய மாவட்டங்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன: தர்மபுரி, வடாற்காடு, தென்னாற்காடு, சேலம், திருச்சி, புதுக்கோட்டை. நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது, ஆகவே கொல்லிமலை உள்ளே வருகிறது. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் இருக்கும் அதே மக்கள் பட்டியலில் இல்லை. சாதிச் சான்று கிடையாது, பழங்குடி என்று எண்ணப்படுவதும் இல்லை. பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் உறவுக்காரர்களை ஒரு மாவட்டக் கோடு இரண்டாக்கி வைத்திருக்கிறது. பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் நியாயமான கோரிக்கை இது.

இரண்டாம் நாள்: சாமை

காலையில் மேட்டாங்காட்டுப் பக்கம். பள்ளத்தில் ஓடைத்தண்ணீர் பாயும் இடத்தில் நெல்வயல், அதற்கு மேல் சரிவில் புன்செய்க் காடு, அதற்கும் மேலே மிளகும் காப்பியும். ஒரு குடும்பத்துக்கு மூன்றிலும் துண்டு துண்டாக நிலம் இருக்கலாம். எல்லாம் சேர்த்தாலும் இரண்டு மூன்று ஏக்கரைத் தாண்டாதவர்கள்தான் அதிகம்.

அந்த நடுச்சரிவுதான் சாமையின் இடம். சாமை என்று ஒரே பெயராகச் சொன்னால் இங்கே உள்ள பெண்கள் சிரிப்பார்கள். கட்டவெட்டிச் சாமை, திருகுலச் சாமை, மல்லியச் சாமை, சடஞ்சாமை, பெருஞ்சாமை, அதிலேயே வெள்ளப் பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை. கட்டவெட்டி சீக்கிரம் அறுப்புக்கு வரும். மண் மெலிந்த, சரிவு கூடிய இடத்துக்கு அதுதான் தாங்கும். பெருஞ்சாமை நெடுநாள் பயிர், தாள் உயரமாக வரும், மாட்டுக்கு வைக்கோல் நிறையக் கிடைக்கும். ஆனால் நல்ல மண் கேட்கும். மழை முந்தினால் ஒன்று, பிந்தினால் இன்னொன்று என்று மாற்றிப் போடத்தான் இத்தனை ரகம். ஒரு ரகம் அழிந்தால் ஒரு மழைக்கான பதில் அழிகிறது என்று பொருள். கேழ்வரகிலும் இதே கதைதான்: சுருட்டை, பெருங்கேழ்வரகு, அரிசிக்கேழ்வரகு, சுண்டங்கி.

விதைப்பு ஆனி, ஆடியில். முதல் மழைக்கு ஒரு உழவு, மறு மழைக்கு இன்னொரு உழவு, விதையைக் கை வீச்சில் தூவி நாட்டுக்கலப்பையால் மேலாக ஒரு ஓட்டு. ஏக்கருக்கு 4 முதல் 5 கிலோ விதை. கை பழகாதவர் தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். பயிர் நெருங்கி, தாள் மெலிந்து, ஐப்பசிக் காற்றுக்குச் சாய்ந்துவிடும். வரிசை விதைப்புக்கு விதை கொஞ்சம் குறையும், களை எடுக்க எளிது. சரிவில் வரிசை பிடிக்க ஆள் கூலி ஏறும் என்பதால் பலர் வீச்சிலேயே நிற்கிறார்கள். வரப்போரம் ஆமணக்கு, இடையிடையே கடுகு, மொச்சை. முதல் களை விதைத்த 20 நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். தவறினால் சாமை நாற்றும் புல்லும் பார்வைக்கு ஒன்றுபோல் ஆகி, அனுபவப்பட்ட கையே தடுமாறும்.

அறுப்பில் கவனிக்க வேண்டியது ஈரம். அறுத்த தாளைக் கட்டுக் கட்டி, கதிர் உள்பக்கமாகப் போர் வைத்து சில நாள் விடுவார்கள், மணி கழல்வது சுலபமாகும். மழையில் நனைந்த தாளைப் போர் வைத்தால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். சோறு வடித்தபின் வரும் அந்த மக்கல் வாசனையை எத்தனை முறை கழுவினாலும் போக்க முடியாது. பிறகு சாணி மெழுகிய களத்தில் மாடு விட்டோ காலால் மிதித்தோ உதிர்த்து, முறத்தில் புடைத்து, தொம்பையில் கொட்டுவார்கள். தொம்பை என்பது மூங்கில் பின்னி, செம்மண்ணும் சாணியும் பூசி, கல் மேல் உயர்த்தி வைத்த கூடு. உமியோடு இருக்கும் சாமை அதில் ஆண்டுக்கணக்கில் கெடாது. உமி நீக்கிய சாமை அரிசி இரண்டு மூன்று மாதத்தில் தவிட்டெண்ணெய் காறிப்போய்க் கசக்கும். அதனால்தான் அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குக் குத்திக்கொண்டார்கள்.

குத்துவதுதான் பிரச்சினையின் மையம். சாமை மணி சின்னது, மேல் உமி கெட்டி, வழுவழுப்பு. உரலில் போட்டால் உலக்கைக்கு நழுவும். குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து என்று மூன்று சுற்று. இரண்டு பெண்கள் மாற்றி மாற்றிக் குத்தினாலும் ஐந்தாறு கிலோ அரிசி தேற அரைப்பகல் போய்விடும். 10 கிலோ சாமையில் 6 கிலோ அரிசி வந்தால் நல்ல கை. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 2 கிலோ அரிசி என்று வைத்தால்கூட, வாரத்தில் ஏறத்தாழ மூன்று அரைப்பகல் உரலடியிலேயே கழிந்திருக்கிறது. காட்டு வேலை, விறகு, தண்ணீர் எல்லாம் முடித்த பிறகு இது.

சாமை ஏன் குறைந்தது என்று கேட்டால் நகரத்தில் "மக்கள் பழைய உணவை மறந்துவிட்டார்கள்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். மறக்கவில்லை. 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் மாதம் 20 கிலோ வரை விலையில்லா அரிசி, அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. அந்த அரிசியை உரலில் போட வேண்டியதில்லை. ஒரு பெண்ணின் முதுகுக்கு அது கொடுத்த ஓய்வை யாரும் இளக்காரமாகப் பேசக் கூடாது. மறுபக்கம் குச்சிக்கிழங்கு கையில் காசு கொடுத்தது. சாமை நிலம் இரண்டு பக்கமும் இழுபட்டது. சுவை மாறியது கடைசியில்தான்.

ஆகவே சாமையைத் திரும்பக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அரவை எந்திரம் இருக்கும் கொட்டகை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் வேலை செய்திருக்கிறது: ஊர் விதை வங்கி, ரகங்களைத் திரட்டுதல், மகளிர் குழுக்கள் கையில் அரவை எந்திரம். விதையைக் கடன் கொடுத்து அறுப்புக்குப் பின் கூடுதலாகத் திரும்பப் பெறும் முறை எளிமையானது, நல்லது. ஆனால் எந்திரம் வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. எங்கெங்கே இடறுகிறது என்பதைப் பார்த்தால் புரியும்.

நெல் அரைக்கும் எந்திரத்தில் சாமையைப் போட்டால் பாதி நொய்யாகும். உருளை இடைவெளி சாமைக்குப் பெரிது, நெருக்கினால் நசுங்கும். மணியைச் சுழற்றி வீசிச் சுவரில் மோதவைத்து உமி கழற்றும் எந்திரம்தான் இதற்குப் பொருந்தும். அதிலும் ஈரம் 12 விழுக்காட்டைத் தாண்டினால் உமி கழலாது, ரொம்பக் காய்ந்தால் அரிசி உடையும். பல்லில் கடித்து "டக்" என்று ஓசை வந்தால் பதம் என்பது இங்கத்திய அளவு. பெருஞ்சாமையையும் கட்டவெட்டியையும் கலந்து போட்டால் பெரிய மணி உமி நீங்கும்போது சின்ன மணி உமியோடே வெளியே வரும். சல்லடையில் பிரித்துத் தனித்தனியே ஓட்ட வேண்டும். அடுத்தது கல். மண்களத்தில் மிதித்த தானியத்தில் மணி அளவுக்கே பொடிக்கல் கலந்திருக்கும், புடைத்தால் போகாது. கல் நீக்கும் எந்திரம் தனி, விலை கூடுதல். ஒரு தார்ப்பாய் விரித்து அதன்மேல் உதிர்த்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். தார்ப்பாய் விலையைப் பார்க்கும்போது இதைவிடச் சிக்கனமான முதலீடு வேறில்லை. கடைசியாக மின்சாரம்: மழைக்காலத்தில் மரக்கிளை விழுந்து கம்பி அறுந்தால் சரியாக நாளாகும், அந்த நாட்களில் மறுபடி உரல்தான்.

சமைக்கும் முறையையும் சொல்லிவிடலாம். ஒரு பங்கு சாமை அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். அரிசியைக் கழுவும்போது கை வேகமாகச் சுழற்றி நீரோடு சாய்த்தால் கல் அடியில் தங்கும். இரண்டு பாத்திரம் வைத்து மாற்றி மாற்றி அரிப்பது வழக்கம். கொதித்ததும் தணலைக் குறைத்து மூடி வைத்தால் பொலபொலவென்று வரும். மொச்சைக் குழம்போடு சாப்பிடும்போது இதை ஏன் விட முடியவில்லை என்பது புரிந்துவிடும்.

மூன்றாம் நாள்: குச்சிக்கிழங்கு

மரவள்ளி என்று எழுதுவோம். சேலம், நாமக்கல் பக்கம் பேச்சில் குச்சிக்கிழங்கு. இந்தக் கிழங்கின் மாவிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலைகள் கீழே ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கமெல்லாம் இருக்கின்றன. ஆலைகளுக்கான கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் சேலத்தில் 1981இல் தொடங்கியது. அந்தத் தொழிலின் பசிதான் மலைச்சரிவையும் கிழங்குக் காடாக்கியது.

நடவு முறை: 8 முதல் 10 மாதமான, நோயில்லாத தண்டின் நடுப்பகுதியை 15 முதல் 20 சென்டிமீட்டர் துண்டாக, 8 முதல் 10 கணு இருக்கும்படி வெட்டுவது. நுனியும் அடியும் வேண்டாம்: நுனி பிஞ்சு, சீக்கிரம் உலரும், அடி முற்றல், முளை தாமதிக்கும். 90 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்கு சுமார் 5,000 குச்சி. கணு மேல்நோக்க நட வேண்டும், தலைகீழாக நட்டால் முளைப்பு பிந்தும். பத்து மாதத்தில் பிடுங்கல். முள்ளுவாடி, குங்கும ரோஸ், எச் 226 என்பவை இந்தப் பக்கத்தில் பரவலாகக் கேட்கும் ரகப் பெயர்கள்.

விலை பேசுவது பாயிண்ட் கணக்கில். பாயிண்ட் என்பது கிழங்கில் உள்ள மாவுச் சத்து. ஆலையில் மாதிரிக் கிழங்கை எடைபோட்டு, அதையே கூடையில் வைத்துத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி எடை பார்ப்பார்கள். மாவு கூடினால் கிழங்கு கனம், தண்ணீருக்குள்ளும் எடை நிற்கும். 28 பாயிண்ட் வந்து, பாயிண்டுக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் டன் 7,000. இதில் பிடுங்கு கூலி, சுமந்து சாலைக்குக் கொண்டுவரும் கூலி, ஏற்று கூலி, வளைவு இறங்கும் வண்டி வாடகை எல்லாம் போக வேண்டும். அண்மை ஆண்டுகளில் டன் விலை 5,000 பக்கமும் கிடந்திருக்கிறது, 10,000 ரூபாயைத் தாண்டியும் போயிருக்கிறது. 5,000 என்றால் உட்சரிவுச் சிற்றூர்க்காரருக்குக் கிழங்கைப் பிடுங்காமல் விடுவதே மேல்.

எங்கே ஏமாறுவார்கள்? முதலாவது, நாள். பிடுங்கிய இரண்டாம் நாளே கிழங்குக்குள் நீலக்கருப்பு நரம்பு ஓடத் தொடங்கும், மாவு கெடும். வண்டி கிடைக்காமல் இரண்டு நாள் சாலையோரம் கிடந்த கிழங்கை ஆலை கழித்துப் பேசும், அல்லது திருப்பும். ஆகவே வண்டியை உறுதி செய்தபிறகே கடப்பாரையை எடுக்க வேண்டும். இரண்டாவது, மழை. வறண்டு நின்ற செடிக்குக் கோடைமழை விழுந்தால் புதுத்தளிர் விடும். அந்தத் தளிருக்கான உணவு கிழங்கிலிருந்துதான் போகிறது. ஒரே மழையில் பாயிண்ட் கண்கூடாக இறங்கும். மழைக்கு முன் பிடுங்கியவர் தப்பினார். மூன்றாவது, பாயிண்ட் போடும் இடத்தில் ஆள் இல்லாமை. கிழங்கைத் தரகர் கையில் விட்டுவிட்டு மலையிலேயே இருந்துவிடுகிறவருக்குத் தராசு தெரியாது, தொலைபேசியில் சொன்னதே கணக்கு. நான்கைந்து வீடுகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே நாளில் பிடுங்கி, ஒரு ஆளைக் கூடவே அனுப்புவது இங்கே சிலர் கடைப்பிடிக்கும் வழி. ஒரு நாள் கூலியைவிட அதில் மிஞ்சுவது அதிகம்.

பூச்சி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. 2020இல் கேரளத்தில் முதலில் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி மிக விரைவில் நாமக்கல், சேலம் காடுகளுக்கு வந்தது. நுனி சுருண்டு கொத்தாகி, கணு நெருங்கி, செடி குட்டையாக நின்றுவிடும். மருந்தடித்து மாளவில்லை. ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கிய அனகைரஸ் லொபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியைப் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரு வேளாண் பூச்சி வள நிறுவனம் தருவித்து, 2022இல் தமிழ்நாட்டில் வெளிவிடத் தொடங்கினார்கள். ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் இதில் முன்னின்றது. குளவி விட்ட காட்டில் பூச்சிமருந்து அடித்தால் குளவிதான் முதலில் சாகும். பக்கத்துக் காட்டுக்காரரிடமும் பேசிவைக்க வேண்டும். பூச்சி பெரும்பாலும் நடவுக் குச்சியில்தான் ஊர்விட்டு ஊர் வருகிறது. மலைக்குக் கீழேயிருந்து சும்மா கிடைக்கிறது என்று குச்சி கொண்டுவருவது வேண்டாத வேலை. தேமல் நோயும் அதே வழியில்தான் ஏறுகிறது.

சரிவில் கிழங்கு போடுவதன் பெரிய செலவு ரசீதில் வராது. சாமையை அறுக்கும்போது வேர் மண்ணிலேயே இருக்கும். கிழங்கைப் பிடுங்கும்போது ஓரடி ஆழ மண் புரண்டு வெளியே வரும், அதன்மேல் மழை விழும். சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பும், வரப்பில் புல் வரிசையும் வைத்தவர்கள் காட்டில் மேல் மண் இன்னும் கருப்பாக இருக்கிறது. வைக்காத காட்டில் பொடிக்கல் எட்டிப் பார்க்கிறது. ஒரே சரிவில், பக்கத்துப் பக்கத்தில், இந்த இரண்டையும் காணலாம். ஆண்டுக்கு ஆண்டு கிழங்கையே போடாமல் ஒரு சுற்று சாமையோ கேழ்வரகோ மொச்சையோ போடச் சொல்வதற்குக் காரணம் இந்த மண்தான்.

நான்காம் நாள்: மிளகு, பட்டா

சில்வர் ஓக் ஒரு காலத்தில் காப்பிக்கு நிழலாக வந்தது. இப்போது அது மிளகுக்குக் கொழுகொம்பு. கிளை கழித்து நேராக வளர்த்தால் 40 அடி வரை கொடி ஏறும். நட்ட மூன்றாம் ஆண்டில் காய் பார்க்கலாம், ஏழெட்டு ஆண்டில் முழு விளைச்சல். நல்ல கொடியில் ஒன்று முதல் இரண்டு கிலோ காய்ந்த மிளகு. கிலோ 600 ரூபாய் விலையில், ஐம்பது கொடி உள்ள வீடு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப யோசிக்க வேண்டியதில்லை.

சரத்தில் ஒன்றிரண்டு மணி ஆரஞ்சு நிறமானதும் பறிக்க வேண்டும். அவசரப்பட்டுப் பச்சையாகப் பறித்தால் காய்ந்தபின் மணி சூம்பும். வியாபாரி லிட்டர் படியில் அளந்து எடை பார்க்கும்போது 550 கிராம் வரவேண்டியது 450தான் வரும், விலை அங்கே இறங்கும். முழுக்கப் பழுக்கவிட்டால் பறவை தின்னும், மணி உதிரும். பறித்த மணியைக் கூடையோடு கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்து வெயிலில் போட்டால் சீராகக் கருத்து நான்கைந்து நாளில் காயும். 100 கிலோ பச்சைக்கு 33 கிலோ பக்கம் உலர்மிளகு. வெறும் மண்ணில் காயப்போட வேண்டாம், இங்கேயும் தார்ப்பாய்தான்.

வாடல் நோய் வந்த கொடியைக் காப்பாற்ற முடியாது. வராமல் தடுக்கத்தான் முடியும். மழைக்கு முன்னும் மழைக்கு நடுவிலும் ஒரு விழுக்காடு போர்டோ கலவை: மயில்துத்தம் 1 கிலோவை 50 லிட்டர் நீரில், சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவை இன்னொரு 50 லிட்டரில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலுக்குள் ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் கட்டி தட்டும். இரும்புக் கத்தியை நனைத்துப் பார்த்தால் செம்பு நிறம் ஏறக் கூடாது, ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை. இரும்புப் பாத்திரம் ஆகாது.

மிளகில் இரண்டு ஆபத்து. ஒன்று ஏணி: ஒற்றை மூங்கிலில் கணுவை மிதிபடியாக விட்ட ஏணியில் 30 அடி உயரத்தில் நின்று பறிக்கிறார்கள். மேலே ஒரு கயிறு கட்டி இடுப்பில் பிணைத்துக்கொள்ளும் பழக்கம் பரவவே இல்லை. பரவ வேண்டும், விழுந்தவர்கள் உள்ள வீடுகள் இந்த மலையில் எல்லா நாட்டிலும் உண்டு. இன்னொன்று முன்பணம். ஆடி, ஆவணியில் வீட்டில் காசு முடையாக இருக்கும்போது வியாபாரி வந்து கொடியைப் பார்த்து ஒரு தொகை கொடுத்து அந்த ஆண்டுக் காயை மொத்தமாகப் பேசிவிடுவார். தையில் விலை எவ்வளவு ஏறினாலும் அவருக்குத்தான். பள்ளிக்கட்டணம், மருத்துவச் செலவு, கல்யாணம் இம்மூன்றும்தான் இந்தப் பேச்சுக்கு வழிவிடுகின்றன. மகளிர் குழுக் கடன் அந்த இரண்டு மாதத்தில் கைக்கு வந்தால் ஒரு வீட்டின் மிளகு அந்த வீட்டுக்கே மிஞ்சும். தாமதமாக வரும் கடனால் பயனில்லை.

பட்டா விஷயம். தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை, ஆகவே பழங்குடி மக்களுக்கு நிலத்திலும் காட்டிலும் பெரிய பிடிமானம் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு உத்தரவால் இங்கே பட்டா வழங்குவது ஆண்டுக்கணக்கில் நின்றிருந்து, 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியபின்தான் நகர்ந்தது. பழங்குடியினர் 13.12.2005க்கு முன்பிருந்து காட்டு நிலத்தை அனுபவித்திருக்க வேண்டும். அதிகபட்சம் 4 ஹெக்டேர். விண்ணப்பம் கிராம சபையின் வன உரிமைக் குழுவுக்குப் போய், கோட்ட அளவுக் குழு, மாவட்டக் குழு என்று ஏறும். குறைந்தது இரண்டு சான்று வேண்டும்: பழைய அபராத ரசீது, வரி ரசீது, மூத்தவர்களின் வாக்குமூலம், கல்லறை, கிணறு, பழைய மரம் எல்லாமே ஏற்கத்தக்கவை. வனத்துறை போட்ட அபராதச் சீட்டைப் பயந்து கிழித்தவர்கள் உண்டு; அதுதான் மிக வலுவான சான்று.

இடறும் இடம் கிராம சபைதான். சட்டம் கேட்பது சிற்றூர் அளவிலான சபை, பாதிப் பேர் வருகை, வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நடப்பது நாடு முழுவதற்குமான ஊராட்சிக் கூட்டம். பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சிற்றூரார் கூலியை விட்டு எப்படி வருவார்கள்? ஆள் போதாமல் தீர்மானம் நிற்காது, விண்ணப்பம் திரும்பும். சிற்றூரில், மாலை ஆறு மணிக்குமேல், கூட்டம் போட்டால் ஆள் வரும். தனிநபர் பட்டாவுக்கு மட்டும் எழுதிவிட்டு, கடுக்காய், புளி, தேன், சீமாற்றுப் புல் எடுக்கும் சமூக உரிமைப் படிவத்தை விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அதைத் தனியாக, ஊர் பெயரில் கொடுக்க வேண்டும்.

ஐந்தாம் நாள்: இல்லாதவர்களை எண்ணுதல், இறக்கம்

இறங்கும் நாளில் சோளக்காடு சந்தை. பலாவும் வாழையும் அன்னாசியும் மிளகும் வரும் இடம். விலை கேட்பது இருக்கட்டும். கடை வைத்திருப்பவர்களைப் பாருங்கள். ஐம்பது தாண்டிய பெண்கள், கொஞ்சம் முதியவர்கள். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் உள்ள ஆண்கள் எங்கே? ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில், நாமக்கல் கோழிப்பண்ணைகளில், திருப்பூர் ஆலைகளில், கேரளத்துத் தோட்டங்களில்.

இது மக்கள் தொகைக் கணக்கை நேரடியாகத் தொடுகிறது. 2011இல் தலை எண்ணியது பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்த நாட்கள் முழுவதும் ஊரில் இல்லாதவர் எங்கே இருந்தாரோ அங்கேதான் எண்ணப்படுவார். பிப்ரவரி என்பது மலைநாட்டுத் தோட்டங்களில் பறிப்புக் காலம், வெளியே போயிருப்பவர்கள் அதிகம். போன இடத்துக் கொட்டகையிலும் விட்டுப்போனால் எங்குமே இல்லை. அடுத்த கணக்கெடுப்பும் 2027 பிப்ரவரியில்தான். இந்த முறை சாதியும் குறிக்கப்படுகிறது. சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு: வீடு வாரியாக ஒரு நோட்டில், வெளியே இருப்பவர் பெயர், வயது, போன ஊர், வேலை, திரும்பும் மாதம். நாற்பது வீட்டுச் சிற்றூருக்கு இரண்டு மாலை போதும். ஒரு வேளையாவது அந்த நாட்களில் ஊருக்கு வந்து போகிறவரை ஊர்க்கணக்கில் சேர்க்க இந்த நோட்டு உதவும். வெளியூர் ஆலையில் இருப்பவருக்குத் தொலைபேசியில் "எண்ணுகிறவர் வந்தால் மலையாளி என்று சொல்" என்று சொல்லிவைக்கவும் உதவும்.

அதே நோட்டில் இன்னொரு பத்தி சேர்த்தால் நல்லது: பெண்களின் மணிக்கணக்கு. தண்ணீருக்கு எவ்வளவு, விறகுக்கு எவ்வளவு, அரவைக் கொட்டகைக்கு நடக்க எவ்வளவு. ஆண்கள் போனபின் காட்டு வேலை முழுவதும் பெண்கள் தலையில் இருக்கிறது. மிளகு மரம் ஏற ஆள் இல்லாததாலும் தோட்டத்தை வியாபாரியிடம் மொத்தமாகப் பேசுகிறார்கள், சாமைக்குக் களை எடுக்கக் கை இல்லாததாலும் கிழங்குக்கு மாறுகிறார்கள். எந்தப் பயிர் நிற்கும் என்று தெரிந்துகொள்ள ஏக்கர் கணக்கோடு இந்த மணிக்கணக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். நூறு நாள் வேலையில் கல் வரப்பு போடும் பணியைச் சரிவுக் காடுகளுக்குக் கேட்டு வாங்கிய இடங்களில் கூலியும் கிடைத்தது, மண்ணும் நின்றது. வேலையை முடிவு செய்வது கிராம சபை என்பதால் முன்கூட்டியே பட்டியலில் எழுதிவைத்தால்தான் நடக்கும்.

பகல் இரண்டு மணிக்குமேல் கிழங்கு வண்டிகள் இறங்கத் தொடங்கும். இரண்டாம் கியரில், பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, ஒவ்வொரு வளைவிலும் ஒலி எழுப்பியபடி. பேருந்தில் வருகிறவர்கள் அவற்றின் பின்னாலேயே ஊர்ந்து வர வேண்டியிருக்கும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார், சட்டைப் பையில் நான்கைந்து வீட்டின் மூட்டைக் கணக்கு எழுதிய சீட்டு. தராசு போடும்போது பக்கத்தில் நிற்கப் போகிறவர் அவர்தான்.